மரியாதை இருபக்கமும் போகட்டும்

வட கொரிய நாடாளுமன்றம் 2023 ஜனவரியில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பியோங்யாங் பண்பாட்டு மொழியைப் பாதுகாப்பது அதன் நோக்கமாம். எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வரும் தென் கொரியத் தொடர்களும் பாடல்களும் இளைஞர்களின் பேச்சையே மாற்றிவிடுகின்றன என்ற அச்சத்தில் பிறந்த சட்டம் அது. தெற்கத்திப் பேச்சைப் பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். அது குறிப்பாகத் தடுக்கும் வழக்கங்களில் ஒன்று, ரத்த உறவில்லாத ஆணைப் பெண்கள் ‘ஓப்பா’ என்று அழைப்பது. தன் அண்ணனைப் பெண் அழைக்கும் சொல் அது. தென் கொரியாவில் மூத்த நண்பனையும் காதலனையும் மனம் கவர்ந்த பாடகனையும் அதே சொல்லால் அழைக்கிறார்கள். 2012-இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டோடு உலகமே அதை உச்சரித்தது. வடக்கில் அந்த இடத்தில் தோழமைச் சொல்தான் வர வேண்டும். ஆனால் அந்தத் தோழமைச் சொல்லிலேயே இரண்டு படிகள் இருக்கின்றன. மூத்தவரும் மேலதிகாரியும் ‘தோங்ஜி’. சமமானவரும் கீழே உள்ளவரும் ‘தோங்மு’. அண்ணனை ஒழித்த அரசு, தோழர்களுக்குள் ஏணி போட்டு வைத்திருக்கிறது. கொரியாவும் ஜப்பானும் சீனாவும் கடந்த நூறு ஆண்டுகளாக இந்த மரியாதைச் சொற்களோடு நடத்திவரும் போராட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மேலே இருப்பவரிடமிருந்து மரியாதையைப் பறித்துச் சமத்துவம் கொண்டுவர முயன்றபோதெல்லாம் ஏணி வேறு வழியில் திரும்ப வந்திருக்கிறது. கீழே இருப்பவருக்கும் அதே மரியாதையைக் கொடுத்த இடங்களில்தான் மாற்றம் நிலைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை அந்நாடுகளின் சீர்திருத்தக்காரர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

முறை வைத்து அந்நியரை அழைப்பது என்னவென்று தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கிழக்காசியாவில் அதன் அமைப்பு நம்முடையதைவிட இறுக்கமானது. கொரியத்தில் ஆண் தன் அண்ணனை ‘ஹ்யோங்’ என்பான், பெண் ‘ஓப்பா’ என்பாள். அக்காவை அவன் ‘நூனா’ என்பான், அவள் ‘ஓன்னி’ என்பாள். பள்ளியிலும் அலுவலகத்திலும் முன்னால் சேர்ந்தவர் ‘சொன்பே’, பின்னால் வந்தவர் ‘ஹூபே’. ஜப்பானில் இதே இணை ‘செம்பாய்’, ‘கோஹாய்’. நாம் ‘தம்பி, இங்கே வா’ என்று வாய் நிறையக் கூப்பிடுகிறோம். ஜப்பானியத்தில் தம்பியைக் குறிக்கும் சொல் உண்டு, அதை வைத்து அவனைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அண்ணனைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது, தம்பியைப் பெயர் சொல்லி மட்டுமே அழைக்க முடியும். கொரியத்திலும் பொதுவாக இதுதான் நிலை. வினைமுற்றும் இதற்கேற்ப மாறுகிறது. கொரியத்தில் எந்த வாக்கியத்தை முடிக்கும்போதும் எதிரில் இருப்பவர் தனக்கு மேலா கீழா என்பதை முடிவுசெய்தே ஆக வேண்டும். புதிதாகச் சந்திக்கும் இருவர் முதலில் பிறந்த ஆண்டை விசாரிப்பது அதனால்தான். 2023 ஜூன் 28 முதல் தென் கொரியா உலக வழக்கப்படி வயதைக் கணக்கிடும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காகிதத்தில் எல்லோருக்கும் ஓரிரு வயது குறைந்தது. யார் யாருக்கு ஹ்யோங் என்பது மாறவில்லை. பிறந்த ஆண்டும் பள்ளியில் சேர்ந்த ஆண்டும் அப்படியே இருக்கின்றன அல்லவா?

இந்த ஒருவழிப் போக்கு கன்பூசிய மரபின் நேரடி வாரிசு என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். மெங்சியஸ் வகுத்த ஐந்து உறவுகளில் மூத்தவர் இளையவர் வரிசையும் ஒன்று. ஆனால் பழைய சீன நூல்கள் தம்பியின் பணிவைச் சொல்லும் இடத்தில் அண்ணனின் அன்பையும் சேர்த்தே சொல்கின்றன. இளையவன் மூத்தவனுக்கு அடங்கி நடக்க வேண்டும், மூத்தவன் இளையவனிடம் கனிவாக இருக்க வேண்டும் என்பது இரண்டு கடமைகள் சேர்ந்த ஓர் உடன்படிக்கை. வீட்டுக்குள் அதைக் கண்காணிக்கப் பெற்றோர் இருந்தார்கள். தம்பியைக் கொடுமைப்படுத்தும் அண்ணனைக் கண்டிக்க அவனுக்கும் மேலே ஒருவர் இருந்தார். அண்ணன் என்ற சொல் வீட்டை விட்டு வெளியேறிப் படைமுகாமுக்கும் மல்யுத்தக் கூடத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் குடிபோனபோது பணிவு கூடவே போனது. கனிவைக் கட்டாயப்படுத்தும் ஆள் யாரும் கூடப் போகவில்லை.

என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானின் சுமோ உலகமே சாட்சி. ஒரே ஆசிரியரிடம் முன்னால் சேர்ந்த வீரருக்கு அங்கே ‘அனிதேஷி’ என்று பெயர். அண்ணன் சீடன் என்று பொருள். சமையலும் துப்புரவும் தம்பிச் சீடர்களின் வேலை. 2007 ஜூனில் ஒரு 17 வயதுப் பயிற்சி வீரன், பயிற்சி என்ற பெயரில் ஆசிரியரும் அண்ணன் சீடர்களும் சேர்ந்து அடித்ததில் இறந்துபோனான். ஆசிரியருக்கு 2009-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. அது ஒரே ஒரு கூடத்தின் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2017-இல் இளையவர் ஒருவர் மதியாமல் நடந்துகொண்டார் என்று அவரை அடித்த ஹருமஃபூஜி என்ற யோகோசூனா, அதாவது உச்சப் பட்டம் பெற்ற வீரர், ஓய்வு பெற்று வெளியேற நேர்ந்தது. தென் கொரியாவின் அரசு வழக்கறிஞர் துறையில் ரத்தம் சிந்தவில்லை, ஆனால் இழப்பு பெரிது. நீதித்துறைப் பயிற்சி நிறுவனத்தில் எந்த அணியில் சேர்ந்தார் என்பதுதான் அங்கே ஒருவரின் மூப்பாக இருந்தது. இளைய அணியைச் சேர்ந்தவர் தலைமை வழக்கறிஞரானால், மூத்த அணியினர் ராஜினாமா செய்துவிட்டுப் போவது எழுதாத மரபு. 2019-இல் 18-ஆம் அணிக்காரருக்குப் பின் 23-ஆம் அணியின் யூன் சொக்-யொல் அப்பதவிக்கு வந்தபோது அனுபவம் மிக்க பலர் அப்படிக் கிளம்பிப் போனார்கள். ஹூபேயிடம் உத்தரவு வாங்கும் நிலையைத் தவிர்க்க ஒரு நாடு தன் தேர்ந்த வழக்கறிஞர்களை இழக்கிறது. சீனாவின் குவாங்டோங் மாகாண ஒழுங்கு ஆணையம் 2014-இல் வேறொரு கோணத்தில் விழித்துக்கொண்டது. அரசு ஊழியர்கள் மேலதிகாரியை ‘லாவ்பான்’, அதாவது முதலாளி என்றோ, குடும்பத்தில் மூத்தவரையும் அடியாள் கூட்டத் தலைவனையும் குறிக்கும் ‘லாவ்தா’ என்றோ அழைக்கக் கூடாது என்று தடை போட்டது. பொதுமக்களின் அலுவலகம் தனிமனித விசுவாசக் கூட்டமாகிவிடுகிறது என்ற அதன் கவலை நியாயமானதே.

கவலை சரி, மருந்துதான் பலிப்பதில்லை. கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பதவிப் பெயரால் அழைக்காமல் ‘தோங்ஜி’, தோழர் என்றே அழைக்க வேண்டுமென்று சீனப் பொதுவுடைமைக் கட்சியின் மத்தியக் குழு 1965-இல் சுற்றறிக்கை அனுப்பியது. 1978-இல் அதே கட்டளை மறுபடியும் வந்தது. 2016-இல் கட்சியின் உள் வாழ்வு பற்றிய விதிகளில் இன்னொரு முறை வந்தது. அரை நூற்றாண்டில் மூன்று முறை போட வேண்டியிருந்த உத்தரவு நடைமுறையில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கிடையே தெருவில் அந்தச் சொல் வேறு வாழ்வு கண்டது. ஹாங்காங்கில் 1980-களின் இறுதியில் தற்பால் ஈர்ப்புள்ளோர் அதைத் தங்களுக்கான பெயராக எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பொருள் சீனா முழுவதும் பரவியது. கட்டளையால் வந்த சொல்லில் உறவும் இல்லை, மதிப்பும் இல்லை. அதைச் சொன்னால் மேலிருப்பவர் எதையோ இழக்கிறார். சொல்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை, துணிச்சல்காரர் என்ற கெட்ட பெயரைத் தவிர.

ஜப்பானில் நடந்தது இன்னும் தெளிவான சோதனை. போரில் தோற்று, அரசியலமைப்பை மாற்றி எழுதி, மக்களாட்சிக்குத் திரும்பிய நாட்டில் மரியாதைமொழியையும் சீரமைக்க வேண்டும் என்று தேசிய மொழி ஆலோசனைக் குழு 1952-இல் பரிந்துரைகள் வெளியிட்டது. மேல்கீழ் உறவிலிருந்து பரஸ்பர மதிப்புக்கு மொழி நகர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதில் இருந்த இரண்டு பரிந்துரைகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். யாரை விளித்தாலும் முன்னிலைக்கு ‘அனாத்தா’ என்ற ஒரே சொல் போதும் என்றது ஒன்று. யார் பெயருக்குப் பின்னும் ‘சான்’ என்ற ஒரே அடைமொழி போதும் என்றது மற்றொன்று. எழுபது ஆண்டுகள் கழித்தும் எந்த ஜப்பானியரும் தன் மேலதிகாரியை அனாத்தா என்று கூப்பிடத் துணிவதில்லை; அவரைத் தன் மட்டத்துக்கு இறக்குவதாக அது காதில் விழுகிறது. சானோ நாடு முழுக்க வேரூன்றிவிட்டது. கடைக்காரர், மருத்துவமனை நோயாளி, பக்கத்து வீட்டுப் பெண் எல்லோரும் சான்தான். மேலாளரையும் பதவிப் பெயர் இல்லாமல் சான் சேர்த்து அழைக்கச் சொல்லும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன, அதே மேலாளர் புதிதாகச் சேர்ந்த இளைஞரையும் சான் என்றே அழைக்க வேண்டும். ஒரே குழு, ஒரே ஆண்டு, ஒரே நோக்கம். ஒன்று மேலிருந்தவரை இறக்கியது, இன்னொன்று கீழிருந்தவரை ஏற்றியது. தோற்றதும் வென்றதும் எதுவென்று வரலாறு காட்டிவிட்டது.

சீனத்தில்கூட உத்தரவு இல்லாமல் தானாகப் பரவிய சொற்கள் இந்த வகைதான். தொழிற்சாலையில் பயிலுநர்கள் கைதேர்ந்த தொழிலாளியை அழைத்த ‘ஷிஃபூ’ என்ற சொல் 1970-களில் ஓட்டுநர், சமையல்காரர், வழிப்போக்கர் என்று எல்லோருக்கும் பரவியது. ஆசிரியருக்கு உரிய ‘லாவ்ஷி’ இன்று ஊடகத் துறையிலும் கலைத் துறையிலும் யாருக்கும் வழங்குகிறது. கொரியாவில் இதையே திட்டமிட்டுச் செய்த பெருநிறுவனம் சிஜே. 2000-இல் பதவிப் பெயர்களை எடுத்துவிட்டு, தலைவர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோர் பெயரோடும் ‘நிம்’ என்ற ஒட்டைச் சேர்க்கச் சொன்னது. நிம் என்பது கொரியத்தின் உயர்ந்த மரியாதை ஒட்டு, ஏறக்குறைய நம்முடைய ‘அவர்கள்’ போன்றது. நிறுவனத் தலைவர் லீ ஜே-ஹ்யோன் அங்கே லீ ஜே-ஹ்யோன் நிம். நேற்றுச் சேர்ந்த பெண்ணும் நிம். சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் 2017-இல் ஏழு படிநிலைகளை நான்காகக் குறைத்து அதே வழியில் இறங்கியது. 2023-இல் உயரதிகாரிகளுக்கும் அதை விரித்தது.

இதற்கு வலுவான மறுப்பு வானத்திலிருந்து வருகிறது. 1997 ஆகஸ்ட் 6-இல் கொரியன் ஏர் 801 விமானம் குவாமில் மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். 1999 டிசம்பரில் அதே நிறுவனத்தின் சரக்கு விமானம் லண்டன் அருகே ஸ்டான்ஸ்டெட்டில் விழுந்தது. கேப்டனின் கருவி தவறாகக் காட்டியபோது துணை விமானி வாய் திறக்கவே இல்லை. மால்கம் கிளாட்வெல் 2008-இல் வெளியிட்ட ‘அவுட்லையர்ஸ்’ நூலில் கொரிய மரியாதைமொழியும் அதிகார இடைவெளியுமே இத்தகைய விபத்துகளின் வேர் என்று வாதிட்டார். உலகம் அதை நம்பியது. கீழே இருப்பவர் பேசத் தயங்கினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குவாம் விபத்தை ஆராய்ந்த அமெரிக்க வாரியம் கேப்டனின் களைப்பையும் பயிற்சிக் குறைபாட்டையும் சொன்னது, தரைநிலையத்தின் எச்சரிக்கை அமைப்பு முடக்கி வைக்கப்பட்டிருந்ததையும் சேர்த்தே சொன்னது. விமான வரலாற்றின் மிகக் கொடிய விபத்து 1977-இல் டெனரீஃபில் நடந்தது; 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்கிறதோ என்று பொறியாளர் சந்தேகம் எழுப்பினார், நிறுவனத்தின் மூத்த பயிற்றுநரான கேப்டன் அதைத் தள்ளிவிட்டு விமானத்தை ஓட்டினார். அவர்கள் பேசியது டச்சு. அதில் ஹ்யோங்கும் இல்லை, நிம்மும் இல்லை. கீழே இருப்பவரின் சந்தேகத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்ற பயிற்சிமுறை உலக விமானத் துறையில் உருவாக அந்த விபத்தும் ஒரு முக்கியக் காரணம். கொரியன் ஏரும் 2000-க்குப் பின் வெளிநாட்டு நிபுணர்களைக் கொண்டு பயிற்சியை மாற்றியமைத்தது, நிலைமை மாறியது. அதன் விமானிகள் வீட்டில் பேசும் கொரியம் மாறவில்லை.

காற்பந்திலிருந்தும் ஓர் எதிர் உதாரணம் காட்டுவார்கள். 2001-இல் தென் கொரிய அணிக்குப் பயிற்சியாளராக வந்த டச்சுக்காரர் கஸ் ஹிடிங்க், ஆடுகளத்தில் மூத்தவரை அடைமொழியோடு அழைக்க வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றார். அடுத்த ஆண்டு அந்த அணி உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போனது. பறிப்பதும் பலிக்கும் என்பதற்கு இது சான்றாகாதா? பந்து வரும் நொடியில் நீளமான விளியும் வினைமுற்றும் இடைஞ்சல் என்பது உண்மை. ஆனால் அது எல்லை போட்ட ஓர் ஏற்பாடு. தொண்ணூறு நிமிடம், ஒரு புல்தரை, எல்லோருக்கும் ஒரே விதி, அதைக் காக்க வெளியிலிருந்து வந்த ஒரு நடுவர். அங்கே சமத்துவம் கிடைத்தது இருபக்கமும் ஒரே மாதிரி பேசியதால்தான். இருவரும் பெயர் சொல்லி அழைத்தால் அதுவும் சமத்துவமே. நான் அதை எதிர்க்கவில்லை. ஒருவர் பெயர் சொல்ல, மற்றவர் ஹ்யோங் சொல்லும் நிலைதான் கோளாறு. எந்தப் பக்கம் சமன் செய்வது எளிது என்று கேட்டால், பழகிய மனம் இறங்குவதைவிட ஏறுவதையே விரும்பும்.

எல்லோருக்கும் கொடுத்தால் மரியாதை மலிந்துபோகாதா என்ற கேள்வியும் உண்டு. மலியும். ஜப்பானியத்தில் இன்று வசைச்சொல்லாக இருக்கும் ‘கிசாமா’ ஒரு காலத்தில் உயர்ந்தவரை விளித்த சொல். ‘ஓமாயே’யின் கதியும் அதேதான். சீனத்தில் பணக்கார வீட்டுப் பெண்ணைக் குறித்த ‘சியாவ்ஜியே’ இன்று பல ஊர்களில் பாலியல் தொழிலாளியைக் குறிக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ஜப்பான் மருத்துவமனைகள் நோயாளிகளைச் சானுக்கும் மேலான ‘சாமா’ சேர்த்து அழைக்கத் தொடங்கி, செயற்கையாக இருக்கிறதென்று பல இடங்களில் சானுக்கே திரும்பின. ஆனால் சான் மலிந்ததால் என்ன கெட்டுவிட்டது? அது பதவியின் அடையாளமாக இருந்த மதிப்பை இழந்து, மனிதருக்கு மனிதர் காட்டும் குறைந்தபட்ச மதிப்பாகிவிட்டது. நாம் வேண்டுவதும் அந்த மலிவைத்தான்.

சொல்லை மாற்றிப் பயனில்லை, அதிகாரம் அப்படியே இருக்கும் என்பாரும் உண்டு. சிஜேயின் வழியில் பதவிப் பெயர்களைக் கைவிட்ட கேடி தொலைத்தொடர்பு நிறுவனம் 2014-இல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. பதவி உயர்வில் கிடைக்கும் பெருமிதம் ஊழியருக்குப் போய்விட்டது என்பது காரணம். எல்லோரையும் ‘மேனேஜர்’ என்ற ஒரே வேலைப் பெயரில் அடைத்தது அந்த நிறுவனம். அதில் யாருக்கும் மரியாதை கூடவில்லை, பலருக்குக் குறைந்தது. ஆகவே அந்தத் தோல்வி என் வாதத்துக்கு எதிரானதாக எனக்குப் படவில்லை. சொல் மட்டும் போதாது என்பதோ முழு உண்மை. தென் கொரியாவில் 2019 ஜூலையில் பணியிடக் கொடுமைக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானில் அதிகாரத் துன்புறுத்தலைத் தடுக்கும் கடமை 2020-இல் பெரிய நிறுவனங்களுக்கும் 2022-இல் சிறியவற்றுக்கும் வந்தது. வீட்டில் தம்பிக்காக அண்ணனைக் கண்டித்த பெற்றோரின் இடம் அலுவலகத்தில் காலியாகவே கிடந்தது. இந்தச் சட்டங்கள் அந்த இடத்துக்குத் தாமதமாக வந்திருக்கின்றன. சொல்லும் சட்டமும் சேர்ந்து நடக்க வேண்டும்.

இந்தப் பாதையில் எல்லோருக்கும் முன்னால் போனவர்கள் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். பாங் ஜொங்-ஹ்வான் என்ற கொரிய எழுத்தாளரும் சொந்தோக்யோ சமயத்தைச் சேர்ந்த அவருடைய நண்பர்களும் 1923 மே 1-இல், ஜப்பானிய ஆட்சியின் கீழ், குழந்தைகள் தின விழா நடத்தினார்கள். அன்று பெரியவர்களுக்கென்று அவர்கள் விநியோகித்த துண்டறிக்கையில், குழந்தைகளிடம் மரியாதைமொழியில் மென்மையாகப் பேசுங்கள் என்ற கோரிக்கை இருந்தது. சிறுவரை இகழ்ச்சியாக அழைத்த வழக்கத்துக்கு மாற்றாக, அவர்களையும் ஓர் ஆளாக மதிக்கும் ‘ஓரினி’ என்ற சொல்லைப் பரப்பியவர் பாங். பெரியவர்களின் மரியாதையைக் குறைக்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. இன்று ஜப்பானின் பல தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சிறுவனையும் சிறுமியையும் சான் சேர்த்து அழைக்கிறார்கள். கொரியாவிலோ அண்மைக் காலத்தில் ஓரினியின் வாலைப் பிடுங்கி, பங்குச்சந்தை தெரியாதவர், உடற்பயிற்சி தெரியாதவர் என்று கற்றுக்குட்டிகள் எல்லோருக்கும் ஒட்டும் வேடிக்கை பரவியது. அது குழந்தைகளை அரைகுறைகளாகக் காட்டுகிறது, பொது நிறுவனங்களும் ஊடகங்களும் தவிர்க்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2022 மே மாதம் கருத்துச் சொன்னது. அலுவலகத்தில் நிம் என்று பழகிய அதே கொரியர் மாலையில் தெருவில் முன்பின் தெரியாத சிறுவனிடமும் கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவியிடமும் ஒருமையில் பேசுகிறார். சிஜேயும் சாம்சங்கும் செய்ததைப் பள்ளிகளும் கடைகளும் பேருந்துகளும் செய்யத் தொடங்க வேண்டும். அங்கே இளையவர் கேட்டு வாங்க முடியாது, மூத்தவர்தான் முதலில் கொடுக்க வேண்டும்.